அடுத்த தட்டு யாருக்கு

கோத்தகிரிச் சரிவில் ஒரு கோல்ஃப் கிளப். புல்கூடத் தன் உத்தரவு கேட்டுத்தான் முளைக்கிறது என்று அதன் தலைவர் சிங்காரவடிவேலுக்கு நினைப்பு. அவருடைய மட்டைப் பையைச் சுமப்பவன் ஜோகி.

ஒருநாள் காலை, ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டர் மெஹருன்னிசா கையில் டீயோடு அவனிடம் கேட்டார்: "எனக்கு ரெண்டுமே தெரியாது. பந்தை அடிக்கிற கோல்ஃபா, தட்டை வீசிக் கூடையில போடுற டிஸ்க் கோல்ஃபா, எதுல தொடங்கலாம்?"

"தட்டுல தொடங்குங்கம்மா."

பக்கத்தில் நின்ற தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கோல்ஃபை ஒரு வார்த்தை குறை சொல்லாம, அம்மா டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அதை நிரூபிடா. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

ஜோகி தன் தோள்பையிலிருந்த தட்டுகளில் ஒன்றைப் பணிவாக நீட்டினான். "ஐயாவும் இதுக்குப் புதுசுதானே? ஒண்ணு வீசிப் பாருங்க."

தலைவர் அலட்சியமாக வீசினார். வேலிக்கு அப்பால் ஜோகியின் கூட்டாளிகள் நட்டிருந்த கூடைக்குப் பக்கத்திலேயே அது மிதந்துபோய் விழுந்தது. "இன்னொண்ணு குடு!" அடுத்தது கூடைக்கு மேல் தொங்கிய சங்கிலிகளில் பட்டுச் சலசலத்தது. "அட! இன்னொண்ணு!" இப்படியே வீசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் காலிக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் தலைவருக்குச் சவால் ஞாபகம் வந்தது. "எங்கடா நிரூபிச்சே? நீ வாயே திறக்கலையே!"

"நான் எதுக்குங்கய்யா பேசணும்? 'இன்னொண்ணு குடு'ன்னு நீங்களே ஏழு தடவை சொல்லிட்டீங்களே!"

அடுத்த தட்டுக்கு டாக்டர் கை நீட்டினார். தலைவரும் நீட்டினார்.