பூநாரை பார்க்கப் போனவர்கள்

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், கண்ணுகளா. மாதா கோயிலுக்கு நடைபயணம் போகும் வழியில், கால் வீங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கூட வந்த பிலோமி அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் கழுதை ஒன்று இருந்தது. சுமந்து சுமந்து முட்டி தேய்ந்த கழுதை. தூரத்துக் கடலோரத்து உப்பங்கழிக்குப் பனிக்காலத்தில் பூநாரைகள் வருமாம், அந்திவானமே தண்ணீரில் இறங்கினதுபோல இருக்குமாம் என்று ஒரு கொக்கு சொன்னதிலிருந்து அதற்கு அதே நினைப்பு. ‘அடுத்த பனிக்கு என் கால் தாங்காது ஆண்டவரே! ஒரே ஒரு தடவை கண்ணில் காட்டிவிடும்’ என்று தினமும் வேண்டிக்கொள்ளும்.

அந்த வருஷம் நரியும் மயிலும் குரங்கும் அங்கே போகத் திட்டம் போட்டன.

“நானும் வரட்டுமா?” என்றது கழுதை.

“நீயா? நீ ஒரு கத்து கத்தினால் கடலே பின்வாங்கும்! பறவை நிற்குமா?” என்று நரி சிரித்தது.

“விடு நரியண்ணே! அங்கே எல்லாம் உப்புத்தண்ணி. குடிதண்ணீர் யார் சுமப்பது?” என்றது மயில்.

“ஆமா, என் வாழைத்தாரை யார் சுமப்பது?” என்றது குரங்கு.

“சரி, வா கழுதையக்கா. ஆனால் பின்னாலேயே வரணும். வாயைத் திறக்கக் கூடாது!” என்றது நரி.

கழுதை தலையாட்டியது. இரண்டு குடம் தண்ணீர், வாழைத்தார், மயிலின் நிழலுக்கு ஓலைக்கட்டு. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நடந்தது. மணலில் கால் புதையப் புதைய நடந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

மற்ற மூன்றும் முன்னே ஓடிப்போய்ச் சேர்ந்தன. உப்பங்கழி முழுக்கப் பூநாரைகள்!

“தள்ளு! திட்டம் போட்டது நான்!” என்று நரி ஊளையிட்டது.

“அதுகள் என்ன அழகு? முதலில் என்னைப் பார்க்கட்டும்!” என்று மயில் தோகையை விரித்து அகவியது.

“ஏய், இந்தப் பக்கம் திரும்புங்க!” என்று குரங்கு தாழம்புதரை உலுக்கியது.

கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. மூன்றும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே கரையோடு துரத்தின.

கழுதை வந்து சேர்ந்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது. அழலாமென்று வாயைத் திறந்தது. அழவும் தெம்பில்லை. “உம் சித்தம் ஆண்டவரே” என்று சுமையைச் சரித்துவிட்டுச் சேற்றோரம் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பூநாரை வந்து இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வானமே இறங்கியது. ஒன்று கழுதையின் மூக்கருகே நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசியது. கழுதை மூச்சைக்கூட மெதுவாக விட்டது.

“தண்ணீ! தண்ணீ!” என்று மூன்றும் கத்திக்கொண்டு திரும்பி வரும்வரை அவை அங்கேதான் மேய்ந்தன.

“இத்தனை தூரம் வந்தும் ஒன்றையும் சரியாகப் பார்க்கலையே, அக்கா!” என்று நரி புலம்பியது.

கழுதை குடத்தை அவற்றின் பக்கம் நகர்த்தியது. “குடிங்கப்பா. நான் பார்த்துட்டேன்.”

பார்க்கப் போன இடத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறவருக்கு ஒன்றும் கண்ணில் படாது. அடங்கி இருப்பவரைத் தேடி, பார்க்க நினைத்தது தானே வரும்.

நம் முருங்கைமரத்துக்குத் தேன்சிட்டு வரும் நேரம் இது. கொஞ்சம் பேசாமல் உட்காருங்கள், கண்ணுகளா.