ஜாம்பி கழற்றிய செருப்பு

ஷூட்டிங்குக்கு வாடகைக்கு எடுத்த வீட்டின் ஹாலில், ஷூ காலோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார் டைரக்டர் ரத்னவேல். படம் காதல் காமெடி. காதலன் செத்து ஜாம்பியாகிக் காதலி வீட்டுக்கு வருகிறான். அந்த மேக்கப்பைப் போட ஹீரோ மறுத்துவிட்டதால் டூப் அருளப்பன் வந்திருந்தார்.

"ஒரே ஷாட்ல ஜனம் பயப்படணும், சிரிக்கணும், இவன் ஏங்குறதும் தெரியணும். வசனம் கிடையாது. முடியலன்னா வேற ஆள வரச்சொல்றேன்."

"பண்ணிடலாம் சார்," என்றார் அருளப்பன்.

கேமரா ஓடியது. வாயில் ரத்தம் வழிய, காலை இழுத்து இழுத்து வந்தார். யூனிட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வந்ததும் நின்று, விறைத்த காலை உதறி உதறிச் செருப்பைக் கழற்றினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குனிந்து அதைக் காதலியின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தார். சிரிப்பு அடங்கிப்போனது. அலற வேண்டிய கதாநாயகி கண்ணைத் துடைத்தாள்.

டைரக்டர் விடவில்லை. "மூளை செத்த பொணத்துக்குச் செருப்பக் கழட்டணும்னு எப்படிய்யா தெரியும்?"

"அதுக்கு மூளை மட்டும் இருந்தாப் போதாது சார்," என்று அருளப்பன் அவருடைய ஷூவைப் பார்த்தார்.

டைரக்டர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"செருப்போட உள்ள வந்தா என் சம்சாரம் திட்டுவா சார். அவ போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் வாசல்லதான் விடறேன் சார். பக்கத்துல அவ செருப்புக்கு இடம் விட்டு."