பாம்பு தின்னும் வரை நீயும் தின்னாதே

வேங்கைக்குறிச்சி ராசாவுக்கு ஒரு மலைப்பாம்பு பரிசாக வந்தது. கொடுத்தவன் புத்திசாலி. கொடுத்த கையோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ராசா அதற்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்தார். பார்த்துக்கொள்ளச் சடையனை வைத்தார். செண்பகவல்லி இருபது நாளாக எதையும் தொடவில்லை.

"ஏண்டா தின்னமாட்டேன் என்கிறது?"

"சட்டை உரிக்கப் போகுது சாமி. கண்ணு வெளுத்திருக்கு பாருங்க. இப்போ தின்னாது. யாரும் தொடாம, எட்டிப் பார்க்காம விட்டா, உரிச்சுப் போட்டுட்டுத் தானா தின்னும்."

தன் பாம்பைத் தானே பார்க்கக்கூடாதா? ராசாவுக்கு அது ஏறவில்லை. காலையில் மடியில் போட்டுக் கொஞ்சினார். மதியம் ராணிமார் வந்து தடவினார்கள். சாயங்காலம் அரண்மனை வைத்தியர் நமச்சிவாயப் பண்டிதர் வந்தார். வாயைப் பிளந்து பாலாடைச் சங்கால் பால் புகட்டினார். பால் முழுக்கத் தரையில் வழிந்தது.

"இவன் கைராசி சரியில்லை, மகாராஜா" என்றார் பண்டிதர். "பட்டினி போட்டே கொன்றுவிடுவான்."

ராசா தீர்ப்புச் சொன்னார். "செண்பகவல்லி தின்னும் வரை இவனும் தின்னக்கூடாது. காவல் போடு!"

மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சடையனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் குழைக்காதர் அந்தப் பக்கம் வந்தார். சபையில் யோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்.

"என்னடா, எப்படி இருக்கு?"

"பாம்பு நல்லா இருக்கு சாமி."

"உன்னைக் கேட்டேன்."

"நான் பாம்பில்லையே சாமி."

குழைக்காதர் தலையை ஆட்டினார். "எத்தனை நாள் வேணும்?"

"கண்ணு தெளிஞ்சாச்சு. நாலு நாள். ஆனா, யாரு விடுறா?"

மறுநாள் குழைக்காதர் மூடி போட்ட கூடையோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, மூலிகை கிடைத்துவிட்டது. பாம்பு அறையில் வைத்தால் நாலே நாளில் தின்னும். ஒரு பத்தியம் உண்டு. பொய் சொன்னவன் அறைக்குள் எட்டிப் பார்த்தால் பாம்பு செத்துவிடும். பார்த்தவன் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்."

சபை கூரையைப் பார்த்தது. பண்டிதர் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"நான் பார்க்கலாம் அல்லவா?" என்றார் ராசா.

"தங்களுக்கென்ன மகாராஜா, தாராளமாக."

ராசா யோசித்தார். பட்டத்து ராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராச்சிய வேலை கிடக்கிறது. நாலு நாள் கழித்து வருகிறேன்."

"அப்படியானால் அறைக்குள் யார் இருப்பது?" பண்டிதர் விடவில்லை.

"சடையன்தான். இந்த விஷயத்தில் உண்மை பேசியவன் அவன் ஒருவன். அதற்குத்தான் பட்டினி கிடக்கிறான்" என்றார் குழைக்காதர்.

காவற்காரன் தனக்கு வயிற்றுவலி என்றான். பொய். ஆகவே தெருமுனைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

சடையன் கதவைச் சாத்திக் கூடையைத் திறந்தான். மேலே வைக்கோல். அதற்கடியில் சாக்கில் கட்டிய முயல். ஓரமாக, வாழையிலைப் பொட்டலத்தில் புளியோதரை. முயல் யாருக்கு, பொட்டலம் யாருக்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மூலிகை வாடிவிடும் என்று தினம் ஒரு கூடை வந்தது.

மூன்றாம் நாள் சட்டை உரிந்தது. நாலாம் நாள் முயலைக் காணோம். செண்பகவல்லியின் நடுவயிறு புடைத்திருந்தது.

சேதி போனது. ராசா ஓடி வந்தார். பின்னால் சபையே வந்தது. சடையன் உரிந்த சட்டையை வாசலில் விரித்துக் காட்டினான். தலை முதல் வால் வரை கிழிசலில்லை.

"இனி நீயும் சாப்பிடலாமடா!"

சடையன் ஏப்பம் விட்டான்.

ராசா அவனைப் பார்த்தார். பிறகு குழைக்காதரைப் பார்த்தார். "அது என்ன மூலிகை?"

"வைக்கோல், மகாராஜா."

"வைக்கோலா! என்னிடமே பொய் சொன்னீரா?"

"சொன்னேன் மகாராஜா. அதனால்தான் நானும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை."

ராசா வெடித்துச் சிரித்தார். கையிலிருந்த கடகத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். சிரித்துக்கொண்டே செண்பகவல்லியைக் கொஞ்ச உள்ளே காலெடுத்து வைத்தார்.

"இப்பத் தொட்டா, தின்னதைக் கக்கிடும் சாமி" என்று சொல்லிச் சடையன் கதவைச் சாத்தினான்.