ஒரு கைக்கு இரண்டு சத்தியம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆகவே கதை முடியும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

கடற்கரையோர ஊர் ஒன்றில் சலேத்து என்றொரு மீன்காரி இருந்தாள். ஊருக்குத் தெற்கே அனல்மின் நிலையம். வானளாவிய இரண்டு புகைபோக்கிகள். அங்கே உண்டான மின்சாரம் அவள் கூரைக்கு மேலேயே கம்பியில் ஓடி எங்கோ போயிற்று. அவள் வீட்டிலோ பொழுதுக்கும் மின்வெட்டு. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

வெறும் இருட்டென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவள் கணவன் கஸ்பார் அந்த நிலையத்தில் நிலக்கரி இறக்கியே நெஞ்சு கெட்டுப்போனவன். இப்போது ஆக்சிஜன் மிஷினில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கரண்ட் போனால் மிஷினும் நின்றுவிடும். அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துச் சலேத்து தலையில் அடித்துக்கொள்வாள்.

மூன்றாவது புகைபோக்கி கட்டுவதற்காகக் கம்பெனி ஊரைக் கூட்டியது. வேலை கிடைக்கும் என்றது பாதி ஊர். இன்னும் சாம்பலைத் தின்னவா என்றது மீதி ஊர். தலைக்கட்டுக்கு ஒரு கை, அதாவது குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்பது அங்கே வழக்கம். கணவன் படுக்கையில் கிடந்ததால் சலேத்துதான் போக வேண்டும். சம்மதித்துக் கை தூக்கும் வீட்டுக்கு, கரண்ட் போனாலும் மிஷினை ஓட்டக்கூடிய ஒரு பேட்டரிப் பெட்டி இலவசம் என்றும் கம்பெனி ஆசை காட்டியிருந்தது.

கிளம்பும்போது கஸ்பார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நான் போனாலும் போறேன். நீ கை தூக்கப்பிடாது. நம்ம மக பிளாவியா வயித்துல இருக்கிற புள்ளைக்கும் இந்த மூச்சு வேண்டாம். மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

வாசலில் கர்ப்பிணி மகள் பிளாவியா மறித்தாள். "எம்மா, அந்தப் பெட்டி இல்லாம வீட்டுக்கு வராத. எங்கப்பா எனக்கு வேணும். எம் புள்ள மேல சத்தியம் பண்ணு."

அதையும் பண்ணினாள். பெற்ற வயிறு வேறென்ன செய்யும்?

கூட்டப் பந்தலருகே ஒரு வேனில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். "எல்லாம் சார்ஜ் ஏத்தி ரெடியா இருக்கு யக்கா. வயரைச் சொருகினா இப்பவே ஓடும்," என்றான் கம்பெனி ஆள்.

சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்று மைக்கில் அறிவித்த நேரம், எதிரே மாதா கோயிலில் மின்விசிறிகள் நின்றன. ஊரில் கரண்ட் போய்விட்டது. பந்தலுக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. வீட்டில் அவன் மூச்சுக்குத் தவிக்கிறான். கையைத் தூக்கினால் அவனுக்குச் செய்த சத்தியம் போச்சு; தூக்காவிட்டால் அவனே போய்விடுவான். பாவம், அவளுக்கு அழக்கூட நேரமில்லை.

இதில் எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது சரி? இப்போது சொல்லுங்கள்.

விடை: இரண்டையும்தான். பெட்டி ஓடச் சார்ஜ் போதும். மூன்றாவது புகைபோக்கி எதற்கு? அதற்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது கம்பெனி. சலேத்து கை தூக்கவில்லை. நேரே வேனுக்குப் போய் ஒரு பெட்டியை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். திருடி, திருடி என்று பின்னால் கத்தினார்கள், கத்தட்டும். கஸ்பாருக்கு உயிர் இருந்தது. ஆனால் பெட்டியைக் கண்டதும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "கை தூக்கலங்க, மாதா சத்தியமா தூக்கலங்க," என்று கதறிக்கொண்டே அவள் வயரைச் சொருகினாள். மிஷின் ஓடியது. அவன் திரும்பவில்லை.