ஆமா போட ஒரு ஆள்

"என் பொண்டாட்டி என்கிட்டப் பேச மாட்டேங்கா, தாயி."

சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வில்லுப்பாட்டுக் குழுவை முன்னின்று நடத்தும் அண்ணாவி, பூதலிங்கம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவர் வில்லைத் தட்டினால் கைப்பிள்ளைகூட அழுகையை நிறுத்தும். அப்பேர்ப்பட்ட வாய்! அதை வைத்துக்கொண்டு வீட்டில் சுவரைப் பார்த்துச் சோறு தின்றுகொண்டிருந்தார், பாவம்.

கேட்டவள் ஆற்றங்கரை மண்டபத்துச் சாமியாரம்மா. அண்ணாவிக்கு மகள் வயசுதான் இருக்கும். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து பேசல?"

"எங்க ஒத்த மக காய்ச்சல்ல போனாளே, அதுல இருந்து."

"நீரு பேசிப் பாத்தீரா?"

"நானா? பேசாம இருப்பனா? பொறந்தவ போய்த்தான் ஆகணும்னு சொன்னேன். பிள்ளையப் பறிகொடுத்த ராசாமாரு கதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மக பேர்ல ஒரு பாட்டே கட்டிட்டேன், தாயி. கொடையில பாடினப்போ ஊரே அழுதுது. இவ மட்டும் பாதியில எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா."

அவர் கண் கலங்கியது. "அந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். ஆனா நான் தனியாத்தான் கெடக்கேன்."

சாமியாரம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்தாள்.

"அந்தப் பாட்டை எனக்குப் பாடும்."

பாடச் சொன்னால் அண்ணாவிக்குக் கேட்கவா வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு முதலடியைப் பாடி நிறுத்தினார். அந்த இடத்தில் பக்கத்தில் குடம் அடிக்கிறவர் 'ஆமா!' என்பார். அதுதான் வில்லுப்பாட்டு வழக்கம்.

அவள் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் அடியைப் பாடி நிறுத்தினார். ஆற்றுச் சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் அடியில் குரல் பிசிறியது. நாலாம் அடி வரவே இல்லை.

"என்ன அண்ணாவி, மறந்துபோச்சா?"

"மறக்குமா? யாராவது ஆமா போடணும்லா, தாயி! ஆமா போட ஆளில்லன்னா கதை தொண்டையிலேயே நின்னுபோவும்."

"நின்னா வலிக்குமோ?"

"உசுரு போற மாதிரி வலிக்கும்."

சாமியாரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

அண்ணாவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இம்புட்டுத் தூரம் நடந்து வந்தவனுக்கு நல்லதா ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்?" என்று முனகியபடி வரப்பில் நடந்தார்.

பாதி வரப்பில் முனகல் நின்றுவிட்டது.

வீட்டில் அவர் மனைவி செண்பகவடிவு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அண்ணாவி எப்போதும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

வாய் துறுதுறுத்தது. இருமலை அடக்குகிறவர் மாதிரி அடக்கிக்கொண்டார்.

வெளியே பொழுது சாய்ந்தது. அவள் விளக்கேற்றிவிட்டு வந்து மறுபடி துருவ உட்கார்ந்தாள்.

"கெணத்தடிப் பிச்சி பூத்திருக்கு," என்றாள், சுவரைப் பார்த்து.

பிச்சிப்பூவுக்கு அவரிடம் பாட்டுக்கா பஞ்சம்? அம்மன் சூடிய பிச்சி, மணப்பெண் சூடிய பிச்சி, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. விழுங்கினார்.

"ஆமா," என்றார்.

துருவுகிற கை நின்றது.

"அவ வச்ச கொடி."

"ஆமா."

செண்பகவடிவு திரும்பினாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ண மூடுறதுக்கு முன்னால அவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா. உங்ககிட்டச் சொல்லத்தான் ஓடி வந்தேன். அதுக்குள்ள நீங்க பாட்டுக் கட்டிட்டு இருந்தீய."

அண்ணாவியின் வாய் திறந்தது. அப்படியில்லட்டீ என்று சொல்ல வந்தார். நான் அழுத அழுகைதான் அந்தப் பாட்டு என்று சொல்ல வந்தார்.

"ஆமா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவள் தேங்காய் முறியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.