யாரும் மிதிக்காத ஆக்சிலேட்டர்

"அவனுக்கு மட்டும் ஒரு வித்தையைச் சொல்லிக் குடுத்துருக்கீங்க அக்கா. எனக்கு மறைச்சிட்டீங்க."

ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தான்.

பேச்சியம்மாள் டீசல் பீய்ச்சும் நாசில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆலங்குளம் பைபாஸ் ஓரத்தில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடை அவளுடையது. பெயர்தான் பேச்சி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

ஆவுடையப்பன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். லாரி ஓட்டி நொடித்துப்போய், நாற்பதுக்கு மேல் அவளிடம் தொழில் கற்றவன். ஊரே அக்கா என்றதால் அவனும் அக்கா என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

"யாருக்கு?" என்றாள்.

"தளவாய்க்குத்தான். வேற யாருக்கு?"

தளவாயும் அவளிடம்தான் கற்றான். அதே வருஷம், அதே ஸ்பானர். இப்போது தென்காசி ரோட்டில் இருவருக்கும் எதிரெதிரே ஷெட். தளவாய் ஷெட்டில் வண்டிகள் இடமில்லாமல் ரோடு வரைக்கும் நிற்கும். ஆவுடையப்பன் ஷெட்டில் ஒரு நாய் தாராளமாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

"இன்னைக்கு அவன் கடைக்கு என்ன வண்டி வந்துச்சு?"

இதற்காகத்தான் காத்திருந்தவன் போல ஆவுடையப்பன் மூச்சு விடாமல் சொன்னான்.

"ஏழே முக்காலுக்கு ஒரு பால் வேன். எட்டே காலுக்கு ஒரு ஜீப்பு, கிளட்ச் வேலை. ஒன்பது மணிக்கு ரெண்டு டிராக்டரு, அதுல ஒண்ணு புது டயரு. நடுவுல மூணு டீ வாங்குனான். வந்த ஆளுக்கும் சேத்து வாங்கிக் குடுக்கான் அக்கா. அப்படித்தான் ஆளைப் பிடிக்கான்."

"உங்க கடைக்கு?"

"மதார் பாயோட பழைய டீசல் காரு. ஆக்சிலேட்டர் லிங்கேஜ் கம்பி ஒடிஞ்சு கெடக்கு. பெடல மிதிச்சா பம்புக்கு ஒண்ணும் போய்ச் சேரல."

"எந்தப் பக்கம் ஒடிஞ்சிருக்கு? பெடல் பக்கமா, பம்ப் பக்கமா?"

ஆவுடையப்பன் அதைப் பார்க்கவே இல்லை.

பேச்சியம்மாள் அடுத்த நாசிலை எடுத்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி."

கேட்டது வித்தை. கிடைத்தது விரட்டல். ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான்.

ஷெட்டில் மதார் பாய் உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். சொந்தமாக அந்த ஒரு வண்டிதான்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டுட்டேம்வே. சாமான் மதுரையில இருந்து வரணுமாம், மூணு நாளு ஆகுமாம். கம்பி ஒண்ணு ஒடிஞ்சதுக்கு மொத்த செட்டையும்தான் வாங்கணுமாம். அம்புட்டுக் காசு இருந்தா நான் ஏம்வே இந்த வண்டிய ஓட்டுதேன்?"

"நான் பாத்துக்கிடுதேன் பாய்."

"நாலு மணிக்குச் சவாரி. மாப்பிள்ளை வீட்டாரைச் செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போணும். அதுக்குள்ள ஓடலன்னா, தப்பா நெனைக்காதியும், எதிர்ல தள்ளிட்டுப் போயிருவேன்."

எதிர்ல.

அந்த ஒரு சொல் ஆவுடையப்பனைக் குத்தியது. மற்ற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பாய் மட்டும்தான். அவரும் கடந்துவிட்டால் நாளைக்கு ஷட்டரை ஏற்றுவது நாய்க்காகத்தான்.

அவன் கண் தானாகத் தூணுக்குப் போனது.

தூணில் ஒரு ஆட்டோ கண்ணாடியைத் தண்டோடு திருகி வைத்திருந்தான். எட்டு மாசமாக அது அங்கே இருக்கிறது. பானெட்டுக்குள் குனிந்து வேலை செய்யும்போதும் அதில் தளவாய் ஷெட் முழுசாகத் தெரியும். கேட்டவர்களிடம் திருஷ்டிக்கு என்பான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா? யார் கண் யார் மேல் படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணாடியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. போன மாசம் தளவாயிடம் ஒரு வண்டி வந்தது. இதே கோளாறு. இவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வெல்டிங் பொறி பறந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அதுதான் வித்தை! அக்கா மறைத்தாலும் கண்ணாடி மறைக்கவில்லை.

கம்பி பம்ப் பக்கம் ஒடிந்திருந்தது. கம்பி நுனியில் ஒரு சின்னக் குண்டு, அது உட்காரும் கிண்ணம் பம்பின் லீவரில். இரண்டும் தேய்ந்து உடைந்துவிட்டன. ஆவுடையப்பன் அவற்றைப் பெயர்த்து எறிந்தான். கம்பியையும் லீவரையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து வெல்டு வைத்தான். யானையைக் கட்டலாம், அவ்வளவு பலம்.

"ஸ்டார்ட் பண்ணும் பாய்."

மதார் பாய் வெளியே நின்றபடியே உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் குலுங்கிப் பிடித்தது. அப்புறம் ஏறியது. இன்னும் ஏறியது. அலறியது. நாய் எழுந்து ஓடியது.

"பாய், காலை எடும்!"

"ரெண்டு காலும் தரையில இருக்குவே!"

ஆவுடையப்பன் பாய்ந்து ஸ்டாப் குமிழை இழுத்தான். எஞ்சின் இருமி நின்றது.

எதிரே ஐந்தாறு பேர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியில் அதுவும் நன்றாகத் தெரிந்தது.

போனை எடுத்தான்.

"பம்ப் பக்கம் அக்கா," என்றான்.

"வாரேன்," என்றாள் பேச்சியம்மாள்.

மூன்று மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினாள். வெல்டைப் பார்த்தாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். எஞ்சின் முன்போலவே ஏறி அலறியது. நிறுத்தச் சொன்னாள்.

"யார் மிதிச்சா?"

"யாரும் மிதிக்கல அக்கா."

"பின்ன ஏன் ஏறுது?"

அவள் அவனுடைய ஒரு கையை எஞ்சின் மேல் வைத்தாள். மறு கையைக் கம்பி மேல் வைத்தாள். பாய் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் குலுங்கியது. விறைத்து நின்ற கம்பி அந்தக் குலுக்கலை அப்படியே பம்புக்குக் கொடுத்தது. பம்ப் கூடுதலாக ஒரு மடக்கு டீசலை ஊற்றியது. எஞ்சின் முன்னைவிடக் குலுங்கியது. கம்பி முன்னைவிடத் தள்ளியது. இரண்டு கையிலும் அவனுக்கு அது தெரிந்தது.

பேச்சியம்மாள் ஸ்டாப்பை இழுத்தாள்.

"டீசல் எஞ்சின் ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி. அது ஆடுதுன்னு இது ஏன் ஏறணும்?"

"தளவாய் வெல்டுதான வச்சான்? என் கண்ணால பாத்தேனே!"

"அது சைலன்சருக்கு. அந்த வண்டி மறுநாள் பம்ப் வேலைக்கு என்கிட்ட வந்துச்சு."

"அப்ப லிங்கேஜுக்கு என்ன பண்ணுனான்?"

"நீங்க பாக்கலியா?"

"அவன் முதுகு மறைச்சிருச்சு."

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒரு குண்டும் கிண்ணமும் தேடிப் பிடிச்சு மாட்டிருந்தான்."

"எங்க கிடைச்சுது அவனுக்கு?"

"அவன் கடையில."

அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் தேடினான். போல்ட் டப்பாக்களைக் கொட்டினான். பழைய இரும்பு மூட்டையை அவிழ்த்தான். வாஷர் வந்தது, நட்டு வந்தது, ஒரு தேள் வந்தது. குண்டு வரவில்லை. மணி மூன்றரை தாண்டியது.

"என்னவே, தள்ளட்டுமா?" என்றார் மதார் பாய். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஆவுடையப்பனுக்கு இன்னும் வலித்தது.

நிமிர்ந்தான். பேச்சியம்மாள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

கண்ணாடித் தண்டின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே, எப்படி வேண்டுமானாலும் திரும்பும். எட்டு மாசமாகத் தினமும் அதைத் திருப்பித் திருப்பித் தளவாய் கடைக்கு நேராக வைத்தவன் அவன்தான். எதை வைத்து அது திரும்புகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அது திருஷ்டிக்கு வச்சது அக்கா."

அவள் ஸ்பானரை நீட்டினாள்.

"வேற எங்கயாவது வாங்கிட்டு வந்துருதேன். பாவூர்சத்திரத்துல..."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

மதார் பாய் ஹேண்ட்பிரேக்கை விடும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் தளவாய் கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றான். கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால், பாயின் வண்டி ரோட்டைக் கடந்து போவதை அதில் நன்றாகப் பார்க்கலாம்.

"பாய், நில்லும்."

ஆவுடையப்பன் ஸ்பானரை வாங்கினான்.

தண்டு சுலபமாகக் கழன்று வந்தது. கிண்ணத்தை எடுக்கக் கண்ணாடியின் முதுகை உடைக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு சுத்தியலால் ஒன்று போட்டான். கண்ணாடித் துண்டுகள் சிமெண்ட் தரையில் சிதறின. ஒவ்வொன்றிலும் ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது.

வெல்டை அறுத்தான். கிண்ணத்தை லீவரில் முடுக்கினான். தண்டின் வெறும் நுனியைக் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்தான். குண்டைக் கிண்ணத்துக்குள் உட்காரவைத்து அதன் திருகை முறுக்கினான். பழக்கம் விடவில்லை, நரம்பு புடைக்க முறுக்கினான்.

"எவ்வளவு இறுக்கியிருக்கீங்க?" என்றாள் பேச்சியம்மாள்.

"நல்லா இறுக்கிட்டேன் அக்கா. அசையாது."

"அரைச் சுத்து விடுங்க."

"ஆடுமே அக்கா?"

"ஆடட்டும்."

அரைச் சுற்று விட்டான். மணி நான்காக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

பாய் சாவியைத் திருப்பினார். எஞ்சின் குலுங்கிப் பிடித்தது. ஆவுடையப்பன் பானெட்டுக்குள் குனிந்து குண்டையே பார்த்தான். எஞ்சின் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் குண்டு கிண்ணத்துக்குள் உருண்டு கொடுத்தது. பம்ப் லீவர் வைத்த இடத்தில் இருந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"மிதியும் பாய்."

மிதித்தார். ஏறியது.

"விடும்."

விட்டார். இறங்கியது.

"அல்லா!" என்றார் மதார் பாய். "வே ஆவுடை, இந்த வித்தையப் பன்னெண்டு வருசமா என்கிட்ட மறைச்சு வச்சிருந்தீரா?"

ஆவுடையப்பன் இன்னும் குனிந்துதான் இருந்தான்.

எதிரே ஹாரன் சத்தம் கேட்டது. பெரிய வண்டி போலிருக்கிறது, பிரேக் போட்டதும் காற்று சீறியது. நாலைந்து பேர் இறங்கிப் பேசும் குரல்கள் கேட்டன. "வாங்க, வாங்க" என்று தளவாய் உற்சாகமாக வரவேற்றது ரோட்டைத் தாண்டி வந்தது. உடனே டீ சொல்லும் சத்தமும் வந்தது.

பேச்சியம்மாள் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். கிளம்பப் போனவள் நின்றாள்.

"எதிர்ல ஏதோ பெருசா வந்துருக்கு போல. என்ன வண்டி அண்ணாச்சி?"

"பாக்கலியே அக்கா," என்றான் ஆவுடையப்பன், தலையைத் தூக்காமல். "அந்த எண்ணெய்க் கேனைக் கொஞ்சம் எடுங்க. இந்தக் குண்டுக்கு ஒரு சொட்டு விடணும்."