பூ விழாத பௌர்ணமி

வெகு காலத்துக்கு முன்னே மேகவனம் என்ற நாட்டை மகரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் எடுத்த முடிவு மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்காது. மயில் வேண்டும் என்பான். வந்ததும், "இதென்ன இப்படிக் கத்துகிறது, கொண்டுபோய் விடு" என்பான்.

அவன் அரண்மனையில் ஒரு வழக்கம். வேலைக்கு வருபவருக்கு மதிலோரம் ஓர் அறை கொடுப்பார்கள். கை நடுங்கத் தொடங்கியதும் வேலை வேறொருவருக்குப் போகும். கூடவே அறையும் போகும். அப்படி வெளியே வந்தவர்கள் அம்மன் கோயில் வாசல் மண்டபத்தில் படுத்துக் கிடந்தார்கள். ராஜாவுக்குக் குடை பிடித்த பலவேசம், மடப்பள்ளியில் மாவரைத்த ஆவுடையாள், இன்னும் சில கிழங்கட்டைகள்.

ஒருநாள் பல்லக்கில் போன ராஜா எட்டிப் பார்த்தான். "யார் இவர்கள்?"

அரண்மனை மணியக்காரர் உத்தண்டராயர் முந்திக்கொண்டார். அமைச்சர் சொக்கநயினாரின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "நாடோடிகள், பிரபு. வெளியூர் விருந்தாளிகள் பார்த்தால் நமக்குத்தான் அவமானம்."

"போன வருஷம் வரை தங்கள் இட்லிக்கு மாவரைத்தவள் நாடோடியா?" என்றார் அமைச்சர்.

"அமைச்சருக்கு மனசு வெண்ணெய். வெண்ணெயை வைத்துக் கோட்டை கட்ட முடியுமா?"

ராஜா சிரித்துவிட்டான். ராயருக்கு அது போதும். மண்டபத் தரை முழுக்கக் கூர்கூராகக் கல் பதித்துவிட்டார், யாரும் முதுகு சாய்க்க முடியாதபடி. கூடவே ராஜா பேரில் ஒரு தண்டோரா: "சொந்த வீடில்லாதவர் பௌர்ணமிப் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அன்று காலை முதலே அவர்களை எந்த வாசலுக்குள்ளும் விடக் கூடாது. எவராயிருந்தாலும் சரி."

"இந்த ஆணை தப்பு, பிரபு" என்றார் அமைச்சர்.

"எங்கே தப்பு என்று காட்டும். பௌர்ணமிக்குள் காட்டாவிட்டால் உம் முத்திரை மோதிரம் ராயர் விரலுக்குப் போகும்."

அமைச்சர் மண்டபத்துக்குப் போனார். ஆவுடையாள் கற்களுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள்.

"எங்கே போவதாக உத்தேசம்?"

"போக்கிடம் தெரிஞ்சா நேத்தே போயிருப்போமே ஐயா" என்றார் பலவேசம். "எல்லை தாண்டினா வெறும் பொட்டல். ஐப்பசி மழை வேற வந்தாச்சு."

"எனக்கு இந்தக் கல்லு பழகிப்போச்சு" என்றாள் ஆவுடையாள். "இவருதான் தொந்திய எங்க வைக்கிறதுன்னு தெரியாம உக்காந்தே தூங்குறாரு."

அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுந்து நேராகப் பூசாரி வீட்டுக்குப் போனார்.

மேகவனத்தில் வருஷாவருஷம் ஐப்பசிப் பௌர்ணமியன்று ராஜா ஒற்றை வேட்டியோடு, வெறுங்காலோடு கோயிலுக்கு வந்து செங்கோலை அம்மன் காலடியில் வைப்பான். "நாடும் உன்னுடையது, வீடும் உன்னுடையது, எனக்கென்று ஒன்றுமில்லை" என்று ஊர் கேட்கச் சொல்வான். அம்மன் வலது தோளில் பூசாரி ஒரு பூ வைப்பார். அது விழுந்தால் உத்தரவு. செங்கோல் ராஜாவுக்குத் திரும்பி வரும். பூசாரி தண்ணீரில் நனைத்து நுனியில் வைப்பதால் பூ கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். "இந்த வருஷம் நீங்கள் கைகொடுக்க வேண்டாம், அம்மனே பார்த்துத் தரட்டும்" என்று அமைச்சர் சொல்லிவைத்திருந்தார்.

ராஜா செங்கோலை வைத்தான், சொல்ல வேண்டியதைச் சொன்னான். பூ விழவில்லை. மேளக்காரர்கள் ஊதி ஊதிக் களைத்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியது.

"சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று ராஜா அரண்மனைக்கு நடந்தான். வாசற்காவலன் மாடக்கண்ணு குறுக்கே நின்றான். "மன்னிக்கணும் மகாராஜா. சொந்த வீடில்லாதவங்கள உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. உங்களுக்கு வீடில்லைன்னு இப்பத்தான் ஊருக்கே சொன்னீங்க."

பின்னால் வந்த ராயர் பாய்ந்தார். "ராஜாவைத் தெரியவில்லையாடா?"

"தெரியுது ராயரே. எவராயிருந்தாலும் சரின்னு தண்டோரா போட்டதும் தெரியும். உங்க வீடு யாரு குடுத்தது?"

"அரண்மனை கொடுத்தது."

"அப்ப நீங்களும் ராஜாவோடயே நில்லுங்க."

மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கூப்பிட எந்த வீட்டாருக்கும் தைரியமில்லை, ஆணை அப்படி. கதவில்லாத இடம் மண்டபம் ஒன்றுதான். இருவரும் ஓடினார்கள். மூட்டை கட்டிப் புறப்படவிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்த ராஜா அதே வேகத்தில் எழுந்தான்.

"எந்த மடையன் இந்தக் கல்லைப் பதித்தது?"

ராயர் மழையைப் பார்த்தார்.

"இப்பிடி ஒருச்சாய்ச்சு உக்காருங்க சாமி, இடுப்பு தப்பிக்கும்" என்றாள் ஆவுடையாள். சாரல் அடித்ததும் பலவேசம் தன் ஓலைக்குடையை ராஜாவுக்கு மேலே பிடித்தார். கை நடுங்கியதில் குடைத் தண்ணீர் முழுவதும் ராஜா தலையிலேயே கொட்டியது.

"விடுமய்யா, மழையே தேவலை" என்ற ராஜா, தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "இன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் நீங்களெல்லாம் எங்கே போவீர்கள்?"

"உங்களுக்குப் பூ விழும் சாமி" என்றாள் ஆவுடையாள். "எங்களுக்கு அது இல்ல."

பொழுது இறங்கும் நேரத்தில் காற்று அடித்து, பூ விழுந்தது. பூசாரி செங்கோலோடு ஓடிவந்தார், பின்னாலேயே அமைச்சர்.

"ஆணையில் தப்பு எங்கே என்று கேட்டீர்கள், பிரபு."

"கேட்டேன். அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று ராஜா இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்து, நின்ற இடத்திலேயே புது ஆணை போட்டான்: "கை நடுங்கினால் வேலை போகலாம், அறை போகக் கூடாது. சாகும்வரை அது அவருடையது, எவராயிருந்தாலும் சரி. வேலை செய்தவரோ இல்லையோ, வயதான எவரும் மேகவனத்தில் வெளியே படுக்கக் கூடாது. படுத்தால் அவமானம் எனக்கு. ராயரே, இந்தக் கற்களை உம் கையாலேயே பெயர்த்தெடும். முடிகிறவரை இவர்களுக்கு உம் வீடு."

தன் கழுத்து முத்துமாலையைத் தேடினான். ஒற்றை வேட்டியில் மாலை ஏது? அரண்மனைக்குப் போய் எடுத்துவந்து அமைச்சருக்குப் போட்டான். அவரும் வேண்டாமென்று மறுக்கவில்லை.

மறுநாள் ராயர் கடப்பாரையோடு குனிந்திருந்தார். அமைச்சர் அந்தப் பக்கம் வர, மெல்லக் கேட்டார்: "ஓய் சொக்கநயினாரே, எனக்கும் வயசாகிறது. அந்த அறை... எனக்கும் உண்டோ?"

"எவராயிருந்தாலும் சரி என்றுதான் எழுதியிருக்கிறது" என்றார் அமைச்சர்.

ராயர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிமிரவில்லையாம்.